தினசரிப் பயணத்துக்கும் சுமையுடன் நெடும்பயணத்துக்கும் சைக்கிள் ஃபிரேம்: எந்த உலோகத்தைத் தேர்ந்தெடுப்பது?

அலுவலகத்துக்குத் தினமும் சென்று வரவும், விடுமுறையில் பைகளைக் கட்டிக்கொண்டு நான்கைந்து நாள் நெடும்பயணம் போகவும் ஒரே சைக்கிள் போதும் என்று தேடுகிறவர்களுக்கு, விலைக்கு அடுத்தபடியாக எழும் குழப்பம் ஃபிரேம் எதனால் ஆனதாக இருக்க வேண்டும் என்பதே. எஃகு, அலுமினியம், கார்பன் இழை, டைட்டானியம் ஆகிய நான்குக்கும் ஆதரவாளர்கள் உண்டு. அவர்கள் சொல்வதில் ஓரளவு உண்மையும் உண்டு. ஆனால் அந்த வாதங்களில் பெரும்பாலானவை பந்தய சைக்கிளை மனத்தில் வைத்துச் சொல்லப்படுபவை. சுமை ஏற்றப்படுகிற, மழையில் நனைகிற, பழுதானால் போகும் வழியிலேயே சரிசெய்யப்பட வேண்டிய சைக்கிளுக்குக் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. தமிழ்நாட்டுச் சாலைகளையும், கடற்கரை உப்புக் காற்றையும், ஐப்பசி, கார்த்திகை மழையையும் கணக்கில் வைத்து அந்தக் கேள்விகளை இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் எடையைப் பற்றிய கவலையைத் தீர்த்துக்கொள்வது நல்லது. நல்ல எஃகில் செய்த நெடும்பயண ஃபிரேம் ஏறக்குறைய 2 முதல் 2.5 கிலோ வரை இருக்கும். அதே பயன்பாட்டுக்கான அலுமினிய ஃபிரேம் 1.6 முதல் 1.9 கிலோ இருக்கும். ஓட்டுபவர் 70 கிலோ, சைக்கிள் 14 கிலோ, பைகளும் தண்ணீரும் 16 கிலோ என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 100 கிலோ ஆகிறது. இதில் ஃபிரேம் வேறுபாடு முக்கால் கிலோ என்றாலும் அது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் சுமையுடன் ஏறுகிறவரின் முழங்காலைக் காப்பாற்றுவது அந்த முக்கால் கிலோ அன்று. முன்பக்கம் 30 அல்லது அதற்கும் குறைந்த பற்களுள்ள சிறிய பல்சக்கரமும் பின்பக்கம் 34 பற்களுள்ள பெரிய பல்சக்கரமும்தான். ஆகவே இரண்டு சைக்கிள்களைக் கையில் தூக்கிப் பார்த்து எடை குறைந்ததை எடுப்பது, மாடிப்படியில் தினமும் சைக்கிளைச் சுமந்து ஏற வேண்டியவருக்கு மட்டுமே பொருந்தும் வழி.

அடுத்தது சொகுசைப் பற்றிய நம்பிக்கை. எஃகு அதிர்வை உள்வாங்கும், அலுமினியம் முதுகை உடைக்கும் என்று பலரும் சொல்வார்கள். உலோகங்களின் அடிப்படைப் பண்புகளைப் பார்த்தால் கதை இவ்வளவு எளிமையானது அன்று. எஃகின் விறைப்பு சுமார் 200 ஜிகாபாஸ்கல், டைட்டானியத்துடையது அதில் பாதியை ஒட்டியது, அலுமினியத்துடையது சுமார் 70. அடர்த்தியும் (கன சென்டிமீட்டருக்கு இத்தனை கிராம் என்ற கணக்கில்) ஏறத்தாழ இதே விகிதத்தில்தான் குறைகிறது: எஃகுக்கு 7.8, டைட்டானியத்துக்கு 4.5, அலுமினியத்துக்கு 2.7. அதாவது, எடைக்கு எடை பார்த்தால் மூன்று உலோகங்களின் விறைப்பும் கிட்டத்தட்ட ஒன்றுதான். குழாயின் சுவர்த் தடிமன் மாறாமல் விட்டத்தை மட்டும் கூட்டினால் அதன் விறைப்பு விட்டத்தின் மும்மடியை ஒட்டி உயர்கிறது; அலுமினிய ஃபிரேம்களின் குழாய்கள் பருத்திருப்பதற்கும் அவை விறைப்பாக உணரப்படுவதற்கும் இதுவே காரணம். மேலும், இரண்டு முக்கோணங்களாகக் கட்டப்பட்ட ஃபிரேம் மேலிருந்து கீழாக வளைவது மிகச் சொற்பம். வேகத்தடையின் அடியையும் குழியின் அடியையும் முதலில் வாங்கிக்கொள்வது டயர்.

எனவே ஃபிரேமில் எவ்வளவு அகலமான டயர் நுழையும் என்பதை, அது எந்த உலோகம் என்பதற்கு முன்பே கேட்க வேண்டும். 25 மி.மீ. டயரில் 90, 100 பிஎஸ்ஐ காற்றடித்து ஓட்டும் எஃகு சைக்கிளைவிட, 38 மி.மீ. டயரில் 50 பிஎஸ்ஐ அடித்து ஓட்டும் அலுமினிய சைக்கிள் நம் ஊர்ச் சாலைகளில் எவ்வளவோ சுகமானது. மட்கார்டு மாட்டிய பிறகும் குறைந்தது 35 மி.மீ. டயருக்கு இடம் இருக்க வேண்டும், 40 மி.மீ.க்கு இடம் இருந்தால் இன்னும் நல்லது. கேரியரையும் மட்கார்டையும் தனித்தனியாகப் பூட்டுவதற்குப் பின்சக்கர அச்சருகே இரண்டு திருகு துளைகளும், சீட் அருகில் கேரியரின் மேல்முனைக்குத் துளைகளும், முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கில் துளைகளும் இருக்கின்றனவா என்று குனிந்து பார்க்க வேண்டும். பின்சக்கரத்தை இருக்கைப் பக்கத்தோடு இணைக்காமல் பெடல் அச்சோடு இணைக்கும் செயின் ஸ்டே என்னும் குழாய் 440 மி.மீ.க்குக் குறையாமல் இருப்பது அவசியம். குறைந்தால் ஒவ்வொரு மிதிக்கும் குதிகால் பக்கவாட்டுப் பையில் இடிக்கும். இவை எதுவும் இல்லாத ஃபிரேமை, அது எந்த உலோகத்தால் ஆனதாக இருந்தாலும், நெடும்பயணத்துக்கு வாங்க வேண்டாம்.

இனி எஃகுக்கு வருவோம். இதைப் பற்றியே அதிகம் பேச வேண்டியிருக்கிறது, ஏனெனில் எஃகு என்ற ஒரே பெயரில் முற்றிலும் வேறான பொருள்கள் விற்கப்படுகின்றன. அம்பத்தூரில் 1949-இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனத்தின் ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. வண்டிகள் முதல் இன்று பள்ளி மாணவர்களுக்கு அரசு வழங்கும் சைக்கிள்கள் வரை நாம் தலைமுறைகளாகப் பார்த்துப் பழகியவை சாதாரண எஃகு அல்லது ஹை-டென்சைல் எனப்படும் எஃகால் ஆனவை. இந்த எஃகின் வலிமை குறைவு என்பதால் குழாய்ச் சுவரைத் தடிமனாக வைத்து ஈடுகட்டுகிறார்கள். பழைய கறுப்பு வண்டி 20 கிலோவைத் தொடுவதற்கு இதுவும் ஒரு காரணம். அரிசி மூட்டையையும் பால் கேனையும் சுமந்த அந்த வண்டிகளின் உழைப்பைக் குறைத்துச் சொல்ல முடியாது. ஆனால் நாளொன்றுக்கு 80, 100 கிலோமீட்டர் என்று திட்டமிடுகிறவருக்கு ஏற்றது குரோமோலி எனப்படும் குரோமியம், மாலிப்டினம் கலந்த எஃகு. சந்தையில் 4130 என்ற எண்ணால் குறிக்கப்படும் இந்தக் கலவையில் குரோமியம் ஒரு விழுக்காட்டை ஒட்டியும் மாலிப்டினம் 0.2 விழுக்காட்டை ஒட்டியும் இருக்கும். அவ்வளவு சிறிய அளவே வலிமையைப் பெரிதும் உயர்த்துவதால் குழாயை மெல்லியதாக்க முடிகிறது.

மெல்லியதாக்குவதிலும் ஒரு நுட்பம் உண்டு. குழாய்கள் ஒன்றோடொன்று சேரும் முனைகளில்தான் அழுத்தமும் வெல்டிங் சூடும் அதிகம். நடுப்பகுதியில் இரண்டும் குறைவு. ஆகவே முனைகளில் 0.8 அல்லது 0.9 மி.மீ., நடுவில் 0.5 அல்லது 0.6 மி.மீ. என்று சுவர்த் தடிமனை உள்ளுக்குள்ளேயே மாற்றி இழுக்கிறார்கள். இதைப் பட்டட் குழாய் என்பார்கள். பர்மிங்காம் நகரின் ரெனால்ட்ஸ் நிறுவனம் 1897-இல் இதற்குக் காப்புரிமை பெற்றது. 1935-இல் அந்நிறுவனம் கொண்டுவந்த 531 என்ற மாங்கனீசு மாலிப்டினம் எஃகுக் குழாய் பல பத்தாண்டுகள் நெடும்பயண சைக்கிள்களின் அளவுகோலாக இருந்தது. இன்று நடுத்தர விலையில் கிடைக்கும் 4130 பட்டட் குழாய்கள் இந்த வேலைக்கு முற்றிலும் போதுமானவை என்பது என் கருத்து. அதற்கு மேற்பட்ட விலையுயர்ந்த எஃகுகள் எடையைச் சில நூறு கிராம் குறைக்கின்றனவே தவிர, சுமையுடன் போகிறவருக்குப் பெரிய நன்மை தருவதில்லை.

கடையில் குரோமோலி என்ற ஒட்டியைப் பார்த்ததும் திருப்தி அடைந்துவிடக் கூடாது. மூன்று முதன்மைக் குழாய்கள் மட்டும் குரோமோலியாகவும், பின்பக்கக் குழாய்களும் ஃபோர்க்கும் ஹை-டென்சைல் எஃகாகவும் இருக்கும் வண்டிகள் நிறைய உண்டு. அது மோசடி அன்று, ஒட்டியிலேயே அப்படித்தான் எழுதியிருக்கும். ஆனால் படித்துப் பார்க்க வேண்டும். எழுத்தே இல்லாத பழைய எஃகு ஃபிரேம் ஒன்று கைக்கு வந்தால், சீட்டைத் தாங்கும் தண்டான சீட் போஸ்டைக் கழற்றி அதன் அளவைப் பாருங்கள். பெரும்பாலும் அடிப்பகுதியில் பொறித்திருக்கும். வழக்கமான எஃகு சீட் குழாயின் வெளிவிட்டம் 28.6 மி.மீ.; சுவர் 0.6 மி.மீ. என்றால் உள்விட்டம் 27.4 மி.மீ. ஆகும், அதற்குள் 27.2 மி.மீ. போஸ்ட் சரியாக அமரும். போஸ்ட் 27.2 என்றால் சுவர் மெல்லியது, எனவே எஃகு நல்லது என்று பெரும்பாலும் கொள்ளலாம். 25.4 மி.மீ. போன்ற ஒல்லியான போஸ்ட் இருந்தால் சுவர் தடித்தது, எஃகு மலிவானது. இந்தச் சோதனை எஃகுக்கு மட்டுமே பொருந்தும். அலுமினிய ஃபிரேம்களில் போஸ்ட் அளவு இதைச் சொல்லாது.

மெலிதாக இருந்தால் நல்லது என்ற முடிவுக்கும் உடனே தாவிவிட வேண்டாம். பந்தயத்துக்காகக் கட்டப்பட்ட மெல்லிய எஃகு ஃபிரேமில் பின்பக்கம் 15 கிலோ கட்டிக்கொண்டு இறக்கத்தில் இறங்கினால் ஹேண்டில்பார் இடவலமாக உதறத் தொடங்கலாம். சுமையின் எடையால் ஃபிரேம் முறுக்கிக்கொள்வதே இதற்குக் காரணம், வேகம் கூடக் கூட இது ஆபத்தாகும். நெடும்பயணத்துக்கான எஃகு ஃபிரேம்களில் கீழ்க்குழாய் 31.8 மி.மீ., மேல்குழாய் 28.6 மி.மீ. என்று பழைய அளவைவிட ஒரு படி பருத்த குழாய்களைப் பயன்படுத்துவது இந்த முறுக்கத்தைக் கட்டுப்படுத்தத்தான். பழைய ஒல்லிக் குழாய் ஃபிரேமின் அழகு எனக்கும் பிடிக்கும். அதை நகருக்குள் ஓட்டுவதற்கு வைத்துக்கொள்ளலாம்.

எஃகுக்கு ஆதரவாகச் சொல்லப்படும் முதன்மையான காரணம், எந்த ஊரிலும் பற்றவைத்துக்கொள்ளலாம் என்பது. இது உண்மை, ஆனால் ஒரு நிபந்தனையோடு. லாரிக்கும் டிராக்டருக்கும் வெல்டிங் செய்யும் பட்டறையில் கம்பி வைத்து மின்வெல்டிங் அடித்தால் 0.6 மி.மீ. சுவர் ஒரு நொடியில் ஓட்டையாகிவிடும். அங்கே கேட்க வேண்டியது கேஸ் வெல்டிங்கில் பித்தளைக் கம்பி வைத்துப் பற்றவைப்பதை. பழைய சைக்கிள் பட்டறைகளிலும் ஏ.சி., ஃபிரிட்ஜ் குழாய் வேலை செய்பவர்களிடமும் இந்தக் கைத்திறன் உண்டு. நல்லவேளையாக, ஃபிரேம்கள் பெரும்பாலும் இணைப்புகளின் அருகில்தான் விரிசல் விடும். பட்டட் குழாயின் தடித்த பகுதியும் அதுவே. கேரியரைத் தாங்கும் துளை உடைந்தாலும், அச்சைத் தாங்கும் பட்டை வளைந்தாலும், கியர் மாற்றியைத் தாங்கும் ஹேங்கர் விழுந்து வளைந்தாலும் எஃகில் நிமிர்த்திக்கொள்ளலாம். அலுமினியத்தில் ஹேங்கரை நிமிர்த்தினால் பெரும்பாலும் ஒடியும். அதனால்தான் அது தனியாகக் கழற்றும் பாகமாக வருகிறது, அந்த மாடலுக்கான ஹேங்கர் ஒன்றைப் பையில் வைத்துக்கொண்டே பயணம் புறப்பட வேண்டும்.

எஃகின் பகை துரு. வெளியே தெரியும் துரு பெரிய சிக்கல் அன்று. கீறலைத் தேய்த்துச் சுத்தம் செய்து ப்ரைமரோ, அது இல்லாவிட்டால் நகப்பூச்சோ தடவினால் நின்றுவிடும். ஃபிரேமைத் தின்பது உள்ளிருந்து பிடிக்கும் துரு. பின்சக்கரம் வாரி இறைக்கும் மழைநீர் சீட் போஸ்ட் இடுக்கின் வழியாக உள்ளே இறங்கி, பெடல் அச்சு அமர்ந்திருக்கும் பாட்டம் பிராக்கெட் கூட்டில் போய்த் தேங்குகிறது. நல்ல மழையில் ஓட்டிவிட்டு வந்தபின் போஸ்டைக் கழற்றிச் சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்தால், காப்பி நிறத்தில் தண்ணீர் வழிவதைப் பார்க்கலாம். கூட்டின் அடியில் நீர் வடியச் சிறு துளை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் சேறு அடைக்காமல் குத்திவிட வேண்டும்.

இதைத் தடுக்கும் வழி எளிது. வாங்கியவுடன், பாகங்கள் மாட்டப்படுவதற்கு முன்பு முடிந்தால் இன்னும் நல்லது, எல்லாக் குழாய்களுக்குள்ளும் ஆளிவிதை எண்ணெயை ஊற்றி, ஃபிரேமை எல்லாத் திசைகளிலும் மெதுவாகத் திருப்பி, உள்சுவர் முழுவதும் நனையச் செய்து, மிச்சத்தை வடித்துவிட்டு, சில நாட்கள் காய விட வேண்டும். ஆளிவிதை எண்ணெய் காற்றுப் பட்டுக் காய்ந்து மெல்லிய படலமாக ஒட்டிக்கொள்ளும். தேங்காய் எண்ணெய்க்கு அந்தக் குணம் கிடையாது. பெயின்ட் கடைகளில் வண்ணக் கலவைக்காக விற்கும் எண்ணெயே போதும். சீட் போஸ்டுக்கு ஆண்டுக்கு இருமுறையாவது கிரீஸ் தடவ வேண்டும். எஃகுக் குழாய்க்குள் அலுமினிய போஸ்டை ஈரத்தோடு ஆண்டுக்கணக்கில் விட்டால் இரண்டும் வேதிவினையால் இறுகிப்போய், அறுத்தெடுப்பதைத் தவிர வேறு வழி இருக்காது. கிழக்குக் கடற்கரைச் சாலையிலோ தூத்துக்குடி, வேதாரண்யம் உப்பளப் பகுதிகளிலோ ஓட்டிவிட்டுத் திரும்பினால் அன்றே நல்ல தண்ணீரில் உப்பைக் கழுவிவிட வேண்டும்.

இந்தப் பராமரிப்புக்கு நேரமோ பொறுமையோ இல்லாதவருக்கும், கூரையில்லாத இடத்தில் ஆண்டு முழுவதும் சைக்கிளை நிறுத்தி வைக்க வேண்டியவருக்கும் அலுமினியம் பொருத்தமானது. கடைகளில் அலாய் ஃபிரேம் என்று சொல்வது இதைத்தான். அலுமினியத்தின் மேல் தானாகவே படியும் ஆக்சைடு படலம் அதைக் காக்கிறது. சிவப்புத் துரு கிடையாது. ஆனாலும் உப்புக் காற்றில் பெயின்ட் அடியில் வெள்ளைப் பொடியாக அரிப்பு வரலாம், எஃகுத் திருகுகள் அலுமினியத் துளைகளில் இறுகலாம். ஆகவே கிரீஸ் இங்கும் தேவை. 6061 என்ற கலவையும் 7005 என்ற கலவையும் பரவலாகப் பயன்படுகின்றன. 6061 கலவையை வெல்டிங் செய்தபின் உலையில் சூடாக்கிக் குளிர்வித்து, மறுபடி மிதமான சூட்டில் பல மணி நேரம் வைத்தால்தான் அதன் வலிமை திரும்பும். 7005-க்கு அந்த இரண்டாம் படி மட்டும் போதும். தெருமுனைப் பட்டறையில் இதைச் செய்ய முடியாது. அலுமினிய ஃபிரேமில் விரிசல் வந்தால் அதைப் பற்றவைத்து ஓட்ட நினைக்காமல் மாற்றிவிட வேண்டும்.

அலுமினியம் களைப்படைந்து உடையும் என்ற அச்சமும் பலருக்கு உண்டு. எஃகுக்கு ஒரு வரம்புக்குக் கீழான அழுத்தத்தை எத்தனை முறை கொடுத்தாலும் தாங்கும் தன்மை உண்டு, அலுமினியத்துக்கு அந்த வரம்பு இல்லை என்பது உண்மையே. ஆனால் அதை அறிந்தே வடிவமைப்பாளர்கள் அலுமினியக் குழாய்களைத் தேவைக்கு மேல் வலுவாக வைக்கிறார்கள். 1997-இல் ஜெர்மனியின் ஈஎஃப்பிஇ ஆய்வகம் விலையுயர்ந்த 12 பந்தய ஃபிரேம்களை இயந்திரத்தில் பூட்டித் திரும்பத் திரும்ப மிதித்துச் சோதித்தபோது, முடிவுவரை உடையாமல் நின்றவை மூன்றே: இரண்டு அலுமினியம், ஒன்று கார்பன். எஃகு, டைட்டானிய ஃபிரேம்கள் அனைத்தும் அதற்கு முன்பே விரிசல் விட்டன. அவை எடையைக் குறைப்பதற்காகக் கட்டப்பட்ட பந்தய ஃபிரேம்கள் என்பதை மறக்கக் கூடாது. என்றாலும் உலோகத்தின் பெயரைவிட அதை வடிவமைத்துப் பற்றவைத்த விதமே ஆயுளைத் தீர்மானிக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

அலுமினிய சைக்கிள் வாங்குகிறவர் முன்பக்க ஃபோர்க்கைக் கவனிக்க வேண்டும். நடுத்தர விலை வண்டிகளில் பார்வைக்கு எடுப்பாக இருக்கட்டும் என்று மலிவான ஸ்பிரிங் சஸ்பென்ஷனை மாட்டித் தருகிறார்கள். அது தனியாகவே இரண்டு கிலோவுக்கு மேல் இருக்கும், சீக்கிரத்தில் துருப்பிடித்து இறுகும், பை மாட்டத் துளையும் இருக்காது. சாலை சைக்கிளுக்கும் மலை சைக்கிளுக்கும் இடைப்பட்ட ஹைப்ரிட் வண்டியை, சஸ்பென்ஷன் இல்லாத ஃபோர்க் உள்ளதாகப் பார்த்து எடுத்து, மிச்சமாகும் பணத்தில் நல்ல டயர் வாங்கலாம். கேரியரைப் பூட்டும்போது துளையின் மரை தேயாமல் இருக்க, திருகைக் கையாலேயே சில சுற்று நுழைத்தபின்தான் சாவியைத் தொட வேண்டும். அலுமினிய மரை ஒருமுறை போனால் திரும்பச் செய்வது சிரமம்.

கார்பனைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். மிதிக்கும் திசையில் வரும் விசைகளுக்கு அது மிக வலுவானது; கேரியர் கிளாம்பின் பிடிக்கும், ரயில் பெட்டியில் மற்றச் சரக்கின் இடிக்கும், நாள் முழுவதும் மணலோடு சேர்ந்து உரசும் பைவாருக்கும் அது செய்யப்படவில்லை. உள்ளே பிளந்திருப்பது வெளியே தெரியாமலும் போகலாம். சுமை வரம்பை உற்பத்தியாளரே எழுதித் தந்து, துளைகளும் வைத்துத் தரும், மண்சாலைக்கான கிராவல் ஃபிரேம்கள் உண்டு. குறைந்த சுமையோடு போகிறவர் அவற்றைக் கருதலாம். டைட்டானியம் துருப்பிடிக்காது, பெயின்ட் வேண்டாம், எஃகைவிட எடை குறைவு. டைட்டானியத்தோடு 3 விழுக்காடு அலுமினியமும் 2.5 விழுக்காடு வனேடியமும் சேர்ந்த கலவையே குழாய்களுக்குப் பெரும்பாலும் பயன்படுகிறது. ஆர்கான் வாயுவின் முழுப் பாதுகாப்பில்தான் அதைப் பற்றவைக்க முடியும் என்பதால் விலையும் உயர்வு, வழியில் பழுது பார்ப்பதும் அரிது. கடலோரத்தில் குடியிருந்து, இருபது ஆண்டு ஓட்டப்போகிற ஒருவரிடம் பணம் இருந்தால் நான் தயங்காமல் சிபாரிசு செய்வேன்.

பழைய ஃபிரேம் வாங்குவதானால் கையில் டார்ச்சும் ஒரு நூல்கண்டும் எடுத்துச் செல்லுங்கள். ஃபிரேமின் முன்முனையில் ஃபோர்க் நுழையும் ஹெட் குழாய்க்குச் சற்றுப் பின்னால், கீழ்க்குழாயின் அடிப்பகுதியில் விரலை ஓட்டிப் பாருங்கள். முன்பக்கம் மோதிய வண்டியில் அங்கே பெயின்ட் சுருங்கியோ குழாய் லேசாக மேடிட்டோ இருக்கும். வெல்டிங் ஓரங்களில் மயிரிழைபோலக் கறுத்த கோடு தெரிந்தால் அது விரிசலாக இருக்கலாம். பின்பு பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டு, அச்சு அமரும் பட்டை ஒன்றில் நூலைக் கட்டி, ஹெட் குழாயைச் சுற்றி, மறுபக்கப் பட்டைக்கு இழுத்துக் கட்டுங்கள். சீட் குழாய்க்கும் நூலுக்கும் உள்ள இடைவெளியை இருபுறமும் அளந்தால், வேறுபாடு ஓரிரு மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். எஃகில் இதற்கு மேலும் கோணல் இருந்தால் திறமையான கைவினைஞர் நிமிர்த்தித் தருவார். அலுமினியத்தில் இருந்தால் அந்த ஃபிரேமை விட்டுவிடுங்கள்.

நகருக்குள் தினமும் பத்துப் பதினைந்து கிலோமீட்டர், எப்போதாவது ஓரிரவு தங்கும் பயணம் என்றால் சஸ்பென்ஷன் இல்லாத அலுமினிய ஹைப்ரிட் போதும். சென்னையிலிருந்து புதுச்சேரி வழியாகத் தெற்கே இறங்கிக்கொண்டே போகும் பல நாள் பயணமும் அதே வண்டியில் வேண்டும் என்றால், கொஞ்சம் காத்திருந்து பணம் சேர்த்தாவது 4130 எஃகு ஃபிரேமும் எஃகு ஃபோர்க்கும் உள்ள வண்டியை வாங்குங்கள். பணம் கொடுப்பதற்கு முன் கடைக்காரரிடம் கேட்டு, கேரியரின் இருபுறமும் ஐந்தைந்து கிலோ கட்டி, மேம்பாலம் ஒன்றில் ஏறி இறங்கிப் பாருங்கள்; இறக்கத்தில் ஹேண்டில்பாரை லேசாகப் பிடித்திருக்கும்போதும் வண்டி உதறாமல் நேராக இறங்க வேண்டும், மிதிக்கும்போது குதிகால் பையில் படக் கூடாது.